பாக்கின் பி மைனர் மாஸ்: ரிக்டரா, ரிஃப்கினா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக், லத்தீன் திருப்பலிச் சொற்களை வைத்துப் பாடகர் குழுவுக்கும் வாத்தியங்களுக்கும் எழுதிய பி மைனர் மாஸை, நடத்துநர் கார்ல் ரிக்டர் 1961-இல் செய்த பதிவில் பத்து வருடமாகக் கேட்டு வருகிறீர்கள். போன மாதம் ஒரு நண்பர், நடத்துநரும் ஆய்வாளருமான ஜோஷுவா ரிஃப்கினின் பதிவை அனுப்பிவைக்க, இது அதே இசைதானா என்று திகைத்துப்போயிருக்கிறீர்கள். தலைப்பில் ‘எது சிறந்த பதிவு?’ என்று போட்டிருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது கடைசி வரியில்தான் இருக்கிறது: ‘பாக் தன் மனத்தில் கேட்டது இந்த இரண்டில் எதை?’ முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பட்டியல் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்ல முடியும் என்று பார்க்கிறேன்.

நான் இசை ஆய்வாளன் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பாடகர் குழுக்களில் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரல் பாடுகிறவன். இந்தப் படைப்பை முழுதாக இரண்டு முறை பாடியிருக்கிறேன். ஒரு முறை எண்பது பேரோடு, இன்னொரு முறை பதினெட்டுப் பேரோடு. நான் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்ட பதிவுகள் முப்பதுக்குள்தான் இருக்கும். வெளிவந்திருப்பவை அதைவிடப் பல மடங்கு. ஆகவே கீழே சொல்வதில் வரலாறு ஆய்வாளர்களிடமிருந்து படித்தது. காதும் மூச்சும் பற்றிய பகுதி மட்டும் என்னுடையது.

சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1733 ஜூலையில் பாக், கிரியே (இரக்க மன்றாட்டு), குளோரியா (புகழ்ச்சிப் பாடல்) என்ற முதல் இரண்டு பகுதிகளை மட்டும் டிரெஸ்டன் அரசவைக்கு அனுப்பினார். கூடவே தனக்கு ஓர் அரசவைப் பட்டம் வேண்டும் என்று விண்ணப்பமும் வைத்தார். பட்டம் 1736-இல்தான் வந்தது. சாங்டுஸ் (‘தூயவர்’ பாடல்) அதற்கும் முந்தியது. 1724 கிறிஸ்துமஸுக்காக லைப்சிக்கில் எழுதியது. விசுவாச அறிக்கையான கிரேடோவையும் எஞ்சிய பகுதிகளையும் சேர்த்து முழு மாஸாக அவர் கோத்தது வாழ்வின் கடைசியில், 1748-49 வாக்கில். அதில் பெரும்பகுதி தன் பழைய பாடல்களிலிருந்து எடுத்துச் செதுக்கி மாற்றியது. கொஞ்சம் புதிதாக எழுதியது. 1750 ஜூலையில் இறந்துபோனார். இந்த மாஸ் அவர் காலத்தில் முழுதாகப் பாடப்பட்டதற்கு ஒரு சான்றும் இல்லை. மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக் 1786-இல் ஹாம்பர்கில் கிரேடோவை மட்டும் நடத்தினார். முழுப் படைப்பையும் மனிதர்கள் ஒரே அமர்வில் கேட்க பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதிலேயே உங்கள் கேள்வியின் பாதி கரைந்துவிடுகிறது. ‘பாக் நடத்தியபடி’ என்று ஒரு பதிவைக் காட்ட யாராலும் முடியாது, ஏனென்றால் முழு மாஸை அவர் நடத்தியதாகவே தெரியவில்லை. எந்தப் பதிவானாலும், அது 1929-இல் லண்டனில் ஆல்பர்ட் கோட்ஸ் நடத்திய முதல் முழுப் பதிவாக இருந்தாலும் சரி, நேற்று வந்ததாக இருந்தாலும் சரி, இசைப்பிரதி சொல்லாமல் விட்ட ஒன்றுக்குத் தன் பதிலைச் சொல்கிறது. சொல்லாமல் விட்டவற்றில் மிகப் பெரியது, எத்தனை பேர் பாட வேண்டும் என்பது.

சண்டை அங்கேதான். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பார்த்து நடத்த டிரெஸ்டனுக்கு பாக் அனுப்பிய 21 தாள்கட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில், உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல் வரை, முதல் சொப்ரானோ, இரண்டாம் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஐந்துக்கும் ஆளுக்கொரு பிரதிதான். தனிப்பாடலும் குழுப்பாடலும் அதே தாளில் தொடர்ந்து வருகின்றன. 1981-இல் ரிஃப்கின் ஆய்வாளர்கள் கூடிய சபையில் எழுந்து, பாக்கின் ‘குழு’ என்பது பெரும்பாலும் குரலுக்கு ஒருவர்தான் என்று வாதிட்டார். எதிர்த்தவர்கள் கையில் எடுத்தது பாக்கே 1730-இல் லைப்சிக் நகரசபைக்கு எழுதிய மனு. ஒரு பாடகர் குழுவுக்குக் குறைந்தது பன்னிரண்டு பேர், முடிந்தால் பதினாறு பேர் வேண்டும் என்று அதில் அவர் கேட்கிறார். அது ஒரே நேரத்தில் பாடுகிறவர்களின் எண்ணிக்கை இல்லை, நோயாளிகளும் வாத்தியம் வாசிக்கப் போகிறவர்களும் கழிந்து தேவையானவர்களைப் பொறுக்கிக்கொள்ளும் மொத்த இருப்பு என்பது ரிஃப்கின் தரப்பு. ஒரு தாளை மூன்று பேர் சேர்ந்து பார்த்துப் பாடியிருக்கலாமே என்பது எதிர்த் தரப்பு. டான் கூப்மன் போன்ற பெரிய நடத்துநர்கள் ரிஃப்கினின் வாதத்தை ஏற்கவில்லை.

என் கணிப்பைக் கேட்டால், தாள்களின் சான்று வலுவானது. கிரியே, குளோரியாவைப் பொறுத்தவரை சிறு எண்ணிக்கையைப் பாக் மனத்தில் வைத்திருந்தார் என்றே நம்புகிறேன். ஆனால் முழு மாஸுக்கு அவர் தயாரித்த குரல் தாள்கள் எதுவும் நம் கைக்கு வரவில்லை. கிரியேயில் ஐந்து குரல், சாங்டுஸில் ஆறு, ஓசன்னாவில் இரு குழுவாக எட்டு என்று விரிந்துகொண்டே போகும் ஒரு படைப்பை, எந்த ஆலயத்தின் எந்த ஞாயிறு வழிபாட்டுக்கும் அடங்காத நீளத்தில், சாவுக்குச் சற்று முன்னால் ஒருவர் எழுதி முடிக்கிறார் என்றால், அவர் தன் வழக்கமான வாராந்தரக் குழுவின் கணக்கை மட்டும் மனத்தில் வைத்திருந்தார் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி நீங்கள் நேசிக்கும் ரிக்டர். அவர் புராட்டஸ்டன்ட் போதகரின் மகன். பாக் வேலை பார்த்த அதே லைப்சிக் தோமா ஆலயத்தில் 1949-இல் ஆர்கன் வாசித்தவர். பிறகு மியூனிக் போய் அங்கே பாக் குழுவை வளர்த்தவர். அவர் பதிவில் வாத்தியங்கள் நவீனமானவை, குழு பெரியது, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். முதல் நான்கு அளவுகளில் (தாளச் சுற்றுகளில்) எல்லோரும் சேர்ந்து ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்று எழுப்பும் அந்தக் குரலை அவர் அளவுக்கு உடம்பில் இறக்கியவர்கள் குறைவு. வேகம் குறைவானாலும் தாளம் தளராது. ஒவ்வொரு அடியும் கல்லில் வெட்டியதுபோல் விழும். குறை என்று சொன்னால், அதன் பிறகு வரும் நீண்ட ஃபியூகில் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிக்கொண்டு போகும் அமைப்பு) முதல் சொப்ரானோவும் பேஸும் தெளிவாகக் கேட்கின்றன. நடுவே ஆல்ட்டோவும் இரண்டாம் சொப்ரானோவும் மூட்டத்தில் மறைகின்றன. ஐந்து குரல்களுக்கும் பாக் சமமான வேலை கொடுத்திருக்கிறார். மூன்று மட்டும் கேட்டால் இரண்டு பேரின் மன்றாட்டு நம்மிடம் வந்து சேரவில்லை என்று பொருள்.

ரிஃப்கின் பதிவு இதற்கு நேர் எதிர். குழுப்பாடலிலும் குரலுக்கு ஒருவர், பழைய பாணி வாத்தியங்கள், மொத்தம் ஒன்றேமுக்கால் மணி நேர அளவு. முதல் முறை கேட்கும்போது மெலிந்து, ஏழ்மையாகத் தோன்றும். நீங்கள் எழுதியிருக்கும் ‘ஒத்திகை மாதிரி இருக்கிறது’ என்ற சொல்லைத்தான் நானும் அப்போது சொன்னேன். அதன் மதிப்பு எனக்குப் புரிந்தது கேட்டதால் இல்லை, பாடியதால். பாக் எழுதும் வரிகளில் மூச்சு எடுக்க இடம் இருக்காது. எண்பது பேர் பாடும்போது நாங்கள் முறைவைத்து மூச்சு எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருக்க நான் எடுப்பேன், அவர் எடுக்கும்போது நான் தாங்குவேன். வெளியே கேட்பவருக்கு வரி அறுபடவே செய்யாது. ஒருவரே பாடினால் அது முடியாது. எங்கோ ஓரிடத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்கியாக வேண்டும். அந்த இடத்தை அவர் சொல்லின் பொருளை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார், அதனால் லத்தீன் வாக்கியம் வாக்கியமாகக் கேட்கிறது. பெரிய குழுவில் கேட்பது ஒரு சபையின் வழிபாடு. ரிஃப்கினிடம் கேட்பது பெயரும் முகமும் உள்ள ஐந்து பேரின் வேண்டுதல். எனக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

பதிவுகளை ஒப்பிட இரண்டு மணி நேரத்தையும் திரும்பத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. மூன்று இடங்கள் போதும். முதலாவது, கிரியே ஃபியூகில் வாத்தியங்கள் முடித்ததும் குரல்கள் நுழையும் இடம். முதலில் டெனர், பிறகு ஆல்ட்டோ, பிறகு சொப்ரானோக்கள், கடைசியில் பேஸ். ஐந்தாவது குரல் உள்ளே வந்த பிறகும் முதலில் வந்த டெனர் உங்கள் காதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ‘சிலுவையில் அறையுண்டு’ என்ற குருசிஃபிக்சுஸ். இது 1714-இல் ஆலய வழிபாட்டுக்காக எழுதிய ஒரு கன்டாட்டாவிலிருந்து (குரலும் வாத்தியமும் சேர்ந்த பாடல் தொகுதி) பாக் எடுத்து மாற்றியது. நான்கு அளவு நீளமுள்ள, அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் ஒரு பேஸ் வரி பதின்மூன்று முறை திரும்பி வருகிறது. பதின்மூன்றாவது முறை மேல் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. ‘அடக்கம் செய்யப்பட்டார்’ என்று குரல்கள் தங்கள் எல்லையின் அடிக்குப் போய், எதிர்பாராத ஒரு மேஜர் சுருதியில் அடங்குகின்றன. அடுத்த நொடி, முன்னறிவிப்பே இல்லாமல், டிரம்பெட்டுகளோடு ‘உயிர்த்தெழுந்தார்’. நடுவே எவ்வளவு நேரம் மௌனம் விடுகிறார் என்பதில் ஒரு நடத்துநரின் மனம் தெரிந்துவிடும். ஒரு சிறு குறிப்பு: பல பழைய குறுந்தகடுகளை இணையத்தில் கேட்கும்போது இந்த இடத்தில் செயலியே ஓர் இடைவெளியைச் செருகுகிறது. அதை நடத்துநர் தலையில் போட்டுவிடாதீர்கள். அதே ‘உயிர்த்தெழுந்தார்’ பகுதியில் ‘மீண்டும் வருவார்’ என்று பேஸ் மட்டும் தனியாக ஓடும் கடினமான ஒரு நீண்ட வரி உண்டு. சிலர் அதைத் தனி ஒருவருக்குக் கொடுக்கிறார்கள், சிலர் பேஸ் பிரிவு முழுதுக்கும். தீர்ப்பளிக்க வருகிறவர் ஒருவர் என்று கேட்கவேண்டுமானால் முதல் வழி, ஒரு சபையே அதை அறிக்கையிடுகிறது என்று கேட்கவேண்டுமானால் இரண்டாவது வழி.

மூன்றாவது இடம் எனக்கு மிக நெருக்கமானது. கான்ஃபிடெயோர், ‘ஒரே திருமுழுக்கை ஏற்று அறிக்கையிடுகிறேன்’ என்ற பகுதி. ஐந்து குரல், அடியில் கன்டினுவோ என்ற பேஸ் துணை வாத்தியங்கள், வேறு வாத்தியம் இல்லை. அன்றைக்கே பழமையாகிவிட்ட பாணியில் எழுதி, உள்ளே பழைய கிரிகோரியன் மெட்டை ஒளித்துவைத்திருக்கிறார். பேஸும் ஆல்ட்டோவும் அதை ஒன்றையொன்று துரத்திப் பாட, பிறகு டெனருக்கு அது இரட்டிப்பு நீளச் சுரங்களில் வரும். அது முடியும் இடத்தில் ஓட்டம் சட்டென்று தளர்கிறது. ‘மரித்தோர் உயிர்த்தெழுதலை எதிர்பார்க்கிறேன்’ என்ற சொற்கள் முதல் முறை வரும்போது சுருதிக்கு வீடே இல்லாமல் போகிறது. ஒவ்வொரு அளவிலும் ஒரு கதவு திறந்து, இருட்டான இன்னொரு அறை. பாக்கின் கையெழுத்துப் பிரதியில் இந்த இடத்தில் அடித்தலும் திருத்தலும் நிறைய. எண்பது பேர் குழுவில் இந்தச் சில அளவுகளுக்காக ஒரு முழு மாலையைச் செலவிட்டோம், அப்போதும் முடிவில் சுருதி இறங்கிப்போயிருந்தது. பெரிய குழுக்களின் பதிவுகளில் இங்கே ஒரு மங்கல் வரும். சிறு குழுக்களில் ஒவ்வொரு அரைச்சுரமும் கத்தி முனைபோல் தெரியும். எது மேல் என்று கேட்டால், சாவுக்கு அப்பால் எட்டிப் பார்க்கும் இந்த வரிகளில் எனக்குத் தெளிவுதான் அதிகம் பயமூட்டுகிறது. அந்தப் பயம் இங்கே வேண்டும்.

இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் உங்களுக்கு இப்போது தேவையான பதிவுகள் இருக்கின்றன. பழைய பாணி வாத்தியங்களில் இதை முழுதாகப் பதிவு செய்த முன்னோடி நிகோலாஸ் ஹார்னன்கோர்ட், 1968-இல், சிறுவர் குரல்களோடு. வரலாற்று மதிப்பு பெரிது. முதல் பதிவாகக் கேட்கச் சொல்ல மாட்டேன். ஜான் எலியட் கார்டினரின் 1985 பதிவு வேகமும் துல்லியமும் கொண்டது. தனிப்பாடகர்களும் குழுவிலிருந்தே வருவதால் முழுதும் ஒரே உடம்பாக ஒலிக்கும். ஆனால் சில இடங்களில் அந்தத் திறமையே முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ஜப்பானின் மசாக்கி சுசுக்கி 2007-இல் வெளியிட்டது பதற்றமில்லாத, மிகச் சுத்தமான பதிவு. பெல்ஜியத்தின் ஃபிலிப் ஹெரவேகே மூன்று முறை பதிவு செய்திருக்கிறார். அதில் 1996-ஆம் ஆண்டினதைத்தான் நான் இருபது வருடமாக மற்றவர்களுக்குக் கொடுத்துவருகிறேன். நடுக் குரல்கள் கேட்கின்றன, வரிகள் அறுபடவில்லை, ஆண்ட்ரயாஸ் ஷோல் பாடும் அக்னுஸ் தேய் ‘உலகின் பாவங்களைப் போக்குகின்ற செம்மறியே’ என்பதை ஒரு துளி மிகையில்லாமல் சொல்கிறது. ரிஃப்கினின் கருத்தை இன்னும் சதையோடு கேட்க வேண்டுமானால் ஸ்காட்லாந்தின் டனடின் கான்சார்ட் என்ற இசைக்குழுவை வைத்து ஜான் பட் 2010-இல் வெளியிட்டதைக் கேளுங்கள். அவரும் தனிக்குரல்களைத்தான் முதுகெலும்பாக வைக்கிறார், நிறைவு தேவைப்படும் இடங்களில் துணைக்குரல்களைச் சேர்க்கிறார். இசைப்பிரதியும் ரிஃப்கின் பதிப்பித்ததுதான்.

பதிப்பு என்றதும் ஒன்று. பாக்கின் கையெழுத்துப் பிரதியில் பின்னாளில் மகனும் திருத்தங்கள் செய்தார். மை காகிதத்தை அரித்துவிட்டதால் சில இடங்களில் எது தந்தையின் கை, எது மகனின் கை என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. 2010-இல் வந்த பதிப்புக்காக எக்ஸ்-கதிர் முறையில் மையின் கூறுகளையே ஆராய்ந்து பிரித்தார்கள். கேட்பவருக்கு இதனால் பெரிய வேறுபாடு தெரியாது. ஓரிடத்தில் மட்டும் தெரியும்: குளோரியாவில் புல்லாங்குழலோடு வரும் டோமினே தேயுஸ். டிரெஸ்டன் தாளில் அந்தப் புல்லாங்குழல் வரியைக் குறில்-நெடிலாக, முதல் சுரம் குறுகி இரண்டாவது நீளும்படி பாக் ஓரிரு இடத்தில் குறித்திருக்கிறார். சில நடத்துநர்கள் அதைப் பாடல் முழுதுக்கும் நீட்டுகிறார்கள், சிலர் சமமாகவே விடுகிறார்கள். ஒரே பாடல் ஒன்றில் நடக்கும், மற்றதில் மிதக்கும்.

கேட்கும் முறை பற்றி இரண்டு எச்சரிக்கை. பழைய பாணி வாத்தியப் பதிவுகள் பெரும்பாலும் இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை குறைவாக இருக்கும். ரிக்டரிலிருந்து நேராக அங்கே தாவினால் பத்து நிமிடத்துக்கு எல்லாம் சோர்ந்து ஒலிப்பதாகத் தோன்றும். அது உங்கள் காது செய்யும் வேலை, பாடகர்களின் குறை இல்லை. ஒரு நாள் இடைவெளி விடுங்கள். இன்னொன்று, ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். சற்றே சத்தமாக வைத்தது எப்போதும் மேலானதாகத் தோன்றும். ரிஃப்கின் பதிவு தோற்றுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆகவே என் யோசனை இது. ரிக்டரைக் கைவிடாதீர்கள். ஹெரவேகேயின் 1996 பதிவை ஒரு வாரம் கேளுங்கள், பிறகு ஜான் பட், அதன் பின் ரிஃப்கினுக்குத் திரும்புங்கள். ஆட்டோ கிளெம்பெரர் 1967-இல் எண்பத்திரண்டு வயதில் லண்டனில் செய்த பதிவு ஒன்றிருக்கிறது. இரண்டேகால் மணி நேரம். இன்றைய ஆய்வு சொல்லும் எதற்கும் அது பொருந்தாது. ஆனாலும் ஜேனட் பேக்கரின் அக்னுஸ் தேய்க்காகவும், அவசரமே அறியாத அந்த முதியவரின் பொறுமைக்காகவும், வேறு வேலை இல்லாத ஒரு நாளில் அதைக் கேளுங்கள்.

கேட்கும்போது குளோரியாவில் வரும் ‘உமக்கு நன்றி கூறுகிறோம்’ என்ற கிராசியாஸைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மாஸின் கடைசிப் பகுதியான ‘எமக்கு அமைதி அருளும்’ என்ற டோனா நோபிஸ் பாசெமுக்கும் பாக் அதே இசையைத்தான் வைத்திருக்கிறார். சொற்கள் மட்டும் வேறு. இரண்டையும் நடத்துநர் ஒரே வேகத்தில் எடுக்கிறாரா, கடைசியில் டிரம்பெட்டுகள் குரல்களுக்கு மேல் தங்கள் சொந்த வரியோடு ஏறும்போது பாடுகிறவர்களின் சொல் இன்னும் காதில் விழுகிறதா என்று பாருங்கள். ரிக்டரிடமும் ரிஃப்கினிடமும் இந்த இடத்தில் உங்களுக்கு என்ன கேட்டது என்று இங்கேயே எழுதுங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.